டைப் 1 சர்க்கரை நோயும் சிறுநீரகமும்: எந்த ரத்தப் பரிசோதனையை நம்புவது?

டைப் 1 சர்க்கரை நோயில் சிறுநீரகம் கெடுவதைக் காட்டிக்கொடுக்கும் என்று ரத்தத்தில் உள்ள பல பொருட்களைச் சொல்கிறார்கள். கிரியாட்டினின் எல்லோருக்கும் தெரியும். சிஸ்டாட்டின் சி கொஞ்சம் பேருக்குத் தெரியும். டிஎன்எஃப் ஏற்பி, கிம்-1, சூபார் என்றெல்லாம் சொன்னால் ஆராய்ச்சிக் கட்டுரை படிப்பவர்களுக்கு மட்டும்தான் புரியும். இவற்றை ஒன்றோடொன்று மோதவிட்டுப் பார்க்கலாம்.

என் அளவுகோலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பரிசோதனை முடிவு கைக்கு வந்த பிறகு, மருத்துவர் செய்யப்போவதில் ஏதாவது மாறுமா? மாறாது என்றால், அது எதிர்காலத்தை எவ்வளவு துல்லியமாகச் சொன்னாலும் நோயாளி தன் பையிலிருந்து காசு கொடுத்துச் செய்துகொள்ள வேண்டியதில்லை. இந்த அளவுகோலை வைத்தால், ஆய்வுகளில் முதலிடம் பிடிக்கும் பொருள் நடைமுறையில் கடைசிக்குப் போய்விடுகிறது. அது ஏன் என்பதுதான் இந்த அலசலின் சுவாரசியமான பகுதி.

டைப் 1-ஐத் தனியாகப் பேசுவதற்குக் காரணம் உண்டு. உடலின் நோயெதிர்ப்புப் படையே கணையத்தின் பீட்டா செல்களை அழித்துவிடுவதால் வரும் நோய் இது. பெரும்பாலும் சிறுவயதிலோ இளமையிலோ வருகிறது. நோய் தொடங்கிய காலம் ஏறக்குறைய தெரிந்திருக்கும். டைப் 2 போல முதுமை, உடல் பருமன், பல ஆண்டு ரத்த அழுத்தம் எல்லாம் கலந்து குழப்புவது குறைவு. ஆனால் வேறொரு குழப்பம் இருக்கிறது. ஒரு தன்னெதிர்ப்பு நோய் வந்தவருக்கு இன்னொன்றும் வர வாய்ப்பு அதிகம். தைராய்டு, கோதுமை ஒவ்வாத சீலியாக் நோய், அரிதாக அட்ரினல் சுரப்பிக் குறைபாடு. இவை ஒவ்வொன்றும் சிறுநீரகப் பரிசோதனை எண்களைச் சத்தமில்லாமல் இழுத்துவிடக் கூடியவை. லேப் ரிப்போர்ட்டில் இது எங்கும் எழுதியிருக்காது.

ரத்தத்துக்குப் போகும் முன் சிறுநீரைப் பற்றி ஒரு வார்த்தை. இன்றைக்கு அரியணையில் இருப்பது ரத்தப் பரிசோதனை எதுவும் இல்லை, சிறுநீரில் கசியும் அல்புமின் என்ற ரத்தப் புரதம்தான். டைப் 1 வந்து 5 ஆண்டுகள் ஆனபின் ஆண்டுக்கு ஒரு முறை பார்க்க வேண்டும்; ஒரு கிராம் கிரியாட்டினினுக்கு 30 மில்லிகிராமுக்கு மேல் அல்புமின் போனால் கவனிக்க வேண்டும் என்பது வழக்கம். காய்ச்சல், கடும் உடற்பயிற்சி, மாதவிடாய், எகிறிப்போன சர்க்கரை எல்லாமே இந்த எண்ணை ஏற்றிவிடும். அதனால் சில மாத இடைவெளிக்குள் மூன்று முறை எடுத்து, இரண்டு முறையாவது கூடுதலாக இருந்தால்தான் நம்புகிறார்கள். அதற்கு மேலும் ஒரு சிக்கல் 2003-இல் வெளியே வந்தது. பாஸ்டனில் உள்ள ஜாஸ்லின் நீரிழிவு மையத்தில் லேசான அல்புமின் கசிவு இருந்த 386 டைப் 1 நோயாளிகளைத் தொடர்ந்து பார்த்தபோது, 6 ஆண்டுகளில் 58 சதவீதம் பேருக்குக் கசிவு குறைந்திருந்தது. அதுவரை ஒருவழிப் பாதை என்று நினைத்திருந்த விஷயம் இது. மறுபக்கம், அல்புமின் அதிகம் கசியாமலே வடிகட்டும் திறன் சரிந்தவர்களும் இருந்தார்கள். ரத்தத்தில் வேறு ஏதாவது கிடைக்குமா என்ற தேடல் சூடுபிடித்ததற்கு இந்த ஏமாற்றம் ஒரு முக்கியக் காரணம்.

கிரியாட்டினினா, சிஸ்டாட்டின் சி-யா?

இரண்டும் ஒரே கேள்விக்குத்தான் பதில் சொல்கின்றன: சிறுநீரகம் இன்று எவ்வளவு வடிகட்டுகிறது? நாளை என்ன ஆகும் என்று இரண்டும் நேரடியாகச் சொல்வதில்லை.

கிரியாட்டினின் தசையிலிருந்து வரும் கழிவு. மலிவு, சின்ன ஊர் லேபிலும் கிடைக்கும், அரை நூற்றாண்டுக்கு மேலான அனுபவம் பின்னால் இருக்கிறது. 1993-இல் கேப்டோப்ரில் மாத்திரை டைப் 1 நோயாளிகளின் சிறுநீரகத்தைக் காக்கிறது என்று நிரூபித்த ஆய்வே இந்தக் கிரியாட்டினினை வைத்துத்தான் நடந்தது. 409 பேரில், கிரியாட்டினின் இரட்டிப்பாகும் ஆபத்து மாத்திரை எடுத்தவர்களிடம் 48 சதவீதம் குறைந்தது. ஆகவே அதை ஏளனமாகப் பார்க்க வேண்டியதில்லை.

ஆனால் தொடக்க நிலையில் அதன் பார்வை மங்கல். ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 24 வயதுப் பெண், கிரியாட்டினின் டெசிலிட்டருக்கு 0.6 மில்லிகிராம். இப்போது பரவலாகப் பயன்படும் 2021-இன் சிகேடி-எபி சூத்திரத்தில் போட்டால் ஜிஎஃப்ஆர் எனப்படும் வடிகட்டு வேகம் சுமார் 128 வரும். அதே வயதுக்கு 0.9 என்று போட்டால் சுமார் 92. லேப் தாளில் இரண்டுமே பெரும்பாலும் ‘நார்மல்’ கட்டத்துக்குள் இருக்கும். தடித்த எழுத்தோ நட்சத்திரக் குறியோ எதுவும் வராது. கால்பங்குக்கு மேல் திறன் குறைந்தது யார் கண்ணிலும் படாது. டைப் 1-இன் ஆரம்ப ஆண்டுகளில் சிறுநீரகம் இயல்பைவிட வேகமாக வடிகட்டுவது உண்டு என்பதால், இந்த உயர் வேகப் பகுதியில் நடக்கும் சரிவுதான் நமக்கு முக்கியம். கிரியாட்டினின் தடுமாறுவதும் அங்கேதான். இதற்கு நேர்மாறாக, ஜிம்முக்குப் போய் கிரியேட்டின் பொடி குடிக்கும் 28 வயது ஆணுக்கு 1.3 வந்தால் சூத்திரம் 77 என்று காட்டிப் பயமுறுத்தும். அவருடைய சிறுநீரகத்தில் ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம்.

நம் ஊருக்கு இதில் ஒரு கூடுதல் கவலை. தசை குறைவாக, இறைச்சியும் குறைவாக உள்ளவர்களிடம் கிரியாட்டினின் இயல்பாகவே குறைவு. இந்தியாவில் வடிகட்டு வேகத்தை நேரடியாக அளந்து ஒப்பிட்ட ஆய்வுகளில், கிரியாட்டினின் சூத்திரங்கள் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டியது பதிவாகியிருக்கிறது. சீலியாக் நோயால் மெலிந்துபோன டைப் 1 நோயாளி என்றால் இந்தப் பொய் இன்னும் பெரிதாகும்.

டைப் 1-க்கே உரிய இன்னொரு வலை இருக்கிறது. இதைப் பலரும் பேசுவதில்லை என்பதால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். கிரியாட்டினினை அளக்க இரண்டு முறைகள் உண்டு. ஒன்று, 1886-இல் மாக்ஸ் யாஃபே கண்டறிந்த பிக்ரிக் அமில வினை. ரத்தத்தோடு சேர்ந்து ஆரஞ்சு நிறம் வரும், நிறத்தின் அடர்த்தியைப் பார்த்து அளவைச் சொல்வார்கள். மற்றது நொதி முறை, விலை கூடுதல். யாஃபே முறை கிரியாட்டினினுக்கு மட்டும் நிறம் மாறுவதில்லை. அசிட்டோஅசிட்டேட் என்ற கீட்டோனுக்கும் மாறும். இன்சுலின் இல்லாமல் கீட்டோன் பெருகி, கீட்டோஅசிடோசிஸில் மருத்துவமனைக்கு வரும் டைப் 1 நோயாளியின் ரத்தத்தில் அந்தப் பொருள்தான் ஏராளமாக இருக்கிறது. விளைவு, கிரியாட்டினின் உண்மையைவிட உயர்ந்து தெரியும். உடலில் நீர் வற்றியதால் நிஜமாகவே ஏறுவதும் உண்டு. எது எவ்வளவு என்று அந்த நேரத்தில் பிரிக்க முடியாது. அதனால் கீட்டோஅசிடோசிஸ் நாளில் எடுத்த கிரியாட்டினினை வைத்து ‘கிட்னி போச்சு’ என்று முடிவுக்கு வருவது தவறு. சரியாகி வீட்டுக்குப் போனபின், முடிந்தால் நொதி முறையில், திரும்பப் பார்க்க வேண்டும்.

சிஸ்டாட்டின் சி இந்தத் தொல்லைகள் பலவற்றைத் தாண்டிவிடுகிறது. உட்கரு உள்ள எல்லாச் செல்களும் சுரக்கும் 120 அமினோ அமிலங்கள் கொண்ட சிறு புரதம் இது. தசையையோ இறைச்சிச் சாப்பாட்டையோ பெரிதாகச் சார்ந்திருப்பதில்லை. சிறுநீரகம் அதை முழுதாக வடிகட்டி, குழாய்ச் செல்களில் உடைத்துவிடும். ரத்தத்துக்குத் திரும்ப அனுப்புவதில்லை. ஸ்வீடனின் லுண்ட் நகரில் ஆண்டர்ஸ் குரூப் 1980-களில் செய்த வேலையிலிருந்துதான் இது வடிகட்டு வேகத்தின் அடையாளமாக வளர்ந்தது. 2010-இல் அளவீட்டுக்கு ஒரு சர்வதேசத் தரப் பொருள் வந்தபின்தான் ஒரு லேபின் எண்ணை இன்னொரு லேபின் எண்ணோடு ஒப்பிட வழி பிறந்தது.

அப்படியென்றால் சிஸ்டாட்டின் வென்றது என்று முடித்துவிடலாமா? அவசரப்பட வேண்டாம். தைராய்டு என்று ஒன்று இருக்கிறது. தைராய்டு குறைந்தால் சிஸ்டாட்டின் சி இறங்கும், கிரியாட்டினினோ ஏறும். தைராய்டு கூடினால் இரண்டும் தலைகீழாகும். டைப் 1 நோயாளிகளில் கணிசமானவர்களுக்குத் தைராய்டுத் தன்னெதிர்ப்பும் இருக்கும் என்பதை இத்தோடு சேர்த்துப் பாருங்கள். ஒரே ஆளிடம், ஒரே நாளில், ஒரு பரிசோதனை ‘சிறுநீரகம் பிரமாதம்’ என்றும் இன்னொன்று ‘சரியில்லை’ என்றும் சொல்லும். இரண்டுமே சிறுநீரகத்தைப் பற்றிப் பேசவில்லை, தைராய்டைப் பற்றித்தான் பேசுகின்றன. ஆகவே டிஎஸ்எச் என்ற தைராய்டுப் பரிசோதனை பார்க்காமல் சிஸ்டாட்டின் பார்ப்பதில் அர்த்தமில்லை. அதிக அளவு ஸ்டீராய்டு, புகைப்பழக்கம், உடல் பருமன், உள்ளே கனன்றுகொண்டிருக்கும் அழற்சி ஆகியவையும் சிஸ்டாட்டினை ஏற்றும்.

இரண்டுக்கும் பலவீனங்கள் வெவ்வேறு திசையில் இருப்பதால், இரண்டையும் சேர்த்துப் போடும் சூத்திரம் தனித்தனிச் சூத்திரங்களைவிட உண்மைக்குப் பக்கத்தில் வருகிறது. 2012-இலேயே இது காட்டப்பட்டது. சர்வதேசச் சிறுநீரக அமைப்பான கேடிகோவின் 2024 வழிகாட்டுதலும் சிஸ்டாட்டின் கிடைக்கும் இடத்தில், முடிவெடுக்கத் தேவைப்படும்போது, இந்தக் கூட்டுக் கணக்கையே பயன்படுத்தச் சொல்கிறது. என் தீர்ப்பும் இதுதான்: ஆண்டுதோறும் கிரியாட்டினின், சந்தேகம் வரும்போது சிஸ்டாட்டின், கணக்குப் போடும்போது இரண்டும். சிஸ்டாட்டின் நம் ஊரில் பெரிய லேபுகளில்தான் கிடைக்கும், கிரியாட்டினினைவிடப் பல மடங்கு விலை. ஒவ்வொரு ஆண்டும் எல்லோருக்கும் என்று எழுதிக்கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

பிள்ளைகளைப் பற்றி இடையில் ஒன்று. டைப் 1 என்றாலே பாதிக் கதை பிள்ளைகளைப் பற்றியதுதானே. பெரியவர்களுக்கான சிகேடி-எபி சூத்திரம் 18 வயதுக்குக் கீழே செல்லாது. அங்கே உயரத்தையும் சேர்த்துக் கணக்கிடும் ஷ்வார்ட்ஸ் சூத்திரம் போன்றவை வேண்டும். லேபில் யாரும் உயரம் கேட்கவில்லை என்றால், தாளில் அச்சாகி வந்த அந்த ஜிஎஃப்ஆர் எண்ணைக் குழந்தைக்குப் பொருத்திப் பார்க்காதீர்கள்.

டிஎன்எஃப் ஏற்பியா, கிம்-1-ஆ?

இங்கே கேள்வியே மாறுகிறது. இன்று எவ்வளவு வடிகட்டுகிறது என்பதை விட்டுவிட்டு, யாருடைய சிறுநீரகம் வேகமாகச் சரியப்போகிறது என்று கேட்கிறோம். டைப் 1 உள்ள எல்லோருக்கும் சிறுநீரகம் கெடுவதில்லை. ஜாஸ்லினில் 50 ஆண்டுகளுக்கு மேல் இன்சுலின் போட்டும் சிறுநீரகம் நன்றாக இருக்கும் ‘மெடலிஸ்ட்’ நோயாளிகளே ஒரு பெரிய கூட்டம் உண்டு. இன்னும் சிலர் 15 ஆண்டுகளிலேயே டயாலிசிஸ் பக்கம் போய்விடுகிறார்கள். இந்த இரு கூட்டத்தையும் முன்கூட்டியே பிரித்துச் சொல்ல முடிந்தால் அது பெரிய விஷயம்தான்.

டிஎன்எஃப் என்பது அழற்சியைத் தூண்டும் ஒரு தூதுப் பொருள். அதைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிகள் 1, 2 என இரண்டு வகை. செல்லின் மேலிருந்து வெட்டுப்பட்டு ரத்தத்தில் மிதக்கும் அவற்றின் துண்டுகளைத்தான் அளக்கிறார்கள். ஆந்த்ரேய் குரோலெவ்ஸ்கியின் ஜாஸ்லின் குழு 2012-இல் வெளியிட்ட ஆய்வு இந்தத் துறையில் ஒரு திருப்பம். வடிகட்டு வேகம் இயல்பாகவும், சிறுநீரில் பெரிய அளவில் புரதம் போகாமலும் இருந்த 628 டைப் 1 நோயாளிகளை 5 முதல் 18 ஆண்டுகள் வரை பின்தொடர்ந்தார்கள். தொடக்கத்தில் இரண்டாம் ஏற்பியின் அளவு மேல் கால்பங்கில் இருந்தவர்களில், 12 ஆண்டுகளில் வடிகட்டு வேகம் 60-க்குக் கீழே விழுந்தவர்கள் 60 சதவீதம். மற்ற மூன்று கால்பங்குகளில் 5 முதல் 19 சதவீதம்தான். சர்க்கரைக் கட்டுப்பாடு, அல்புமின், தொடக்க வடிகட்டு வேகம் என்று எதைக் கணக்கில் சேர்த்தும் இந்த வேறுபாடு கரையவில்லை. டிஎன்எஃப்-ஐயே நேரடியாக அளந்தால் இவ்வளவு தெளிவு வரவில்லை, ஏற்பிதான் பேசுகிறது என்பது இதில் ஒரு புதிர்.

இது பாஸ்டனோடு நிற்கவில்லை. டைப் 1 உலகிலேயே மிக அதிகம் வரும் நாடான ஃபின்லாந்தில், 1997 முதல் பெர்-ஹென்ரிக் குரூப் தலைமையில் நடக்கும் ஃபின்டயேன் ஆய்விலும், ஏற்கெனவே அல்புமின் நிறையப் போகும் நோயாளிகளில் முதல் ஏற்பி சிறுநீரகச் செயலிழப்பை முன்னறிவித்தது. 2019-இல் ஜாஸ்லின் குழு 194 அழற்சிப் புரதங்களை வலைபோட்டுத் தேடியது. டைப் 1, டைப் 2 இரண்டிலும் சேர்த்துப் பொருந்தி வந்தவை 17. அவற்றில் டிஎன்எஃப் ஏற்பிக் குடும்பத்தினரே மேலோங்கியிருந்தார்கள். வெவ்வேறு நாடுகளில், வெவ்வேறு கட்டத்தில் உள்ள நோயாளிகளிடம் ஒரே பதில் திரும்பத் திரும்பக் கிடைப்பது இந்தத் துறையில் அபூர்வம். எதிர்காலத்தைச் சொல்வதில் மட்டும் போட்டி என்றால் நான் ஏற்பிக்கே முதல் பரிசு கொடுப்பேன்.

கிம்-1 வேறு ஜாதி. சிறுநீரகத்தின் அண்மைக் குழாய்ச் செல்கள் அடிபடும்போது மட்டும் தலைகாட்டும் புரதம். நல்ல சிறுநீரகத்தில் கிட்டத்தட்ட இருக்காது. இதன் மரபணு ஆய்வாளர்களுக்கு முதலில் அறிமுகமானது குரங்குகளில் ஹெபடைட்டிஸ் ஏ வைரஸ் நுழையும் வாசலாக; சிறுநீரகத்தோடு அதைப் பொருத்தியது பாஸ்டனில் ஜோசப் பான்வென்ட்ரேயின் குழு. 2014-இல் அதே குழு ஜாஸ்லின் மாதிரிகளை எடுத்து, சிறுநீரில் புரதம் போகும் டைப் 1 நோயாளிகளில் ரத்த கிம்-1 அதிகம் உள்ளவர்களுக்கு வடிகட்டு வேகம் வேகமாகச் சரிந்ததைக் காட்டியது.

ஏற்பிக்கு எதிராகக் கிம்-1-இன் பலம் அதன் முகவரி. உயர்ந்தால் அடி எங்கே விழுகிறது என்று தெரிகிறது: குழாய்ச் செல்லில். ஏற்பியின் துண்டுகளை உடலில் எந்தச் செல்லும் கழற்றிவிடலாம், மூட்டுவாதத்திலும் ஏறும், வடிகட்டு வேகம் குறைந்தாலே ரத்தத்தில் தேங்கி ஏறும். எதிர்காலத்தைச் சொல்கிறதா, நிகழ்காலத்தையே வேறு பெயரில் சொல்கிறதா என்ற சந்தேகம் ஏற்பியை விட்டு முழுதாகப் போவதில்லை. கிம்-1-க்கும் ஒரு வேண்டாத விருந்தாளி உண்டு. சிறுநீரகப் புற்றிலும் அது ரத்தத்தில் ஏறும்.

கிம்-1-ஐ ரத்தத்தில் பார்ப்பதும் சிறுநீரில் பார்ப்பதும் ஒன்றல்ல என்பதையும் சொல்ல வேண்டும். 2008-இல் அமெரிக்க, ஐரோப்பிய மருந்து ஆணையங்கள் விலங்குச் சோதனைகளில் மருந்தின் நச்சுத்தன்மையைக் கண்டறிய ஏற்றுக்கொண்டது சிறுநீர் கிம்-1. ஆனால் ஃபின்டயேனில் சிறுநீர் கிம்-1, அல்புமின் சொல்வதற்கு மேல் செயலிழப்பைப் பற்றிப் புதிதாக எதையும் சொல்லவில்லை. ரத்த கிம்-1 தன்னந்தனியாகவே தகவல் தருகிறது. ஸ்காட்லாந்தின் டைப் 1 மாதிரி வங்கியைப் பயன்படுத்தி ஏராளமான புரதங்களைச் சலித்தபோதும், கடைசியில் மிஞ்சிய சிறு பட்டியலில் கிம்-1-உம் சிடி27 என்ற இன்னொரு புரதமும் இருந்தன. சுவையான செய்தி, சிடி27-உம் டிஎன்எஃப் ஏற்பிக் குடும்பத்து உறுப்பினர்தான். ஆக ஒரு அழற்சி அடையாளமும் ஒரு குழாய்ச்செல் அடையாளமும் சேர்ந்தால் பட்டியலை நீட்டிக்கொண்டே போக வேண்டியதில்லை.

இதை வணிகமாக்கியவர்களும் உண்டு. இரண்டு டிஎன்எஃப் ஏற்பிகளையும் கிம்-1-ஐயும் நோயாளியின் மற்ற விவரங்களோடு சேர்த்து மதிப்பெண் போடும் கிட்னி-இன்டெல்-எக்ஸ் என்ற பரிசோதனைக்கு 2023-இல் அமெரிக்க எஃப்டிஏ அனுமதி கொடுத்தது. யாருக்கு? சிறுநீரக நோய் உள்ள டைப் 2 நோயாளிகளுக்கு. அடிப்படை ஆதாரத்தில் பாதி டைப் 1 நோயாளிகளின் ரத்தத்திலிருந்து வந்தது, அனுமதியோ டைப் 2-க்கு. சந்தை எங்கே பெரிதோ அங்கே போகிறது, வேறென்ன.

யூரிக் அமிலம்: தோற்ற குதிரையின் கதை

இந்தப் போட்டியில் ஒரு காலத்தில் மிகவும் நம்பிக்கையூட்டியது யூரிக் அமிலம். மலிவு, எங்கும் கிடைக்கும், குறைக்க அலோபியூரினால் என்ற பழைய மாத்திரையும் கையில் இருக்கிறது. டைப் 1-இல் யூரிக் அமிலம் சற்று உயர்ந்திருந்தவர்களுக்கு வடிகட்டு வேகம் பின்னால் சரிந்தது என்று ஒன்றுக்கு மேற்பட்ட ஆய்வுகள் சொன்னன. என் அளவுகோல்படி பார்த்தால் இதுதான் வெல்ல வேண்டியது. உயர்ந்தால் மாத்திரை கொடுக்கலாமே.

பெர்ல் ஆய்வு அதைச் சோதித்தது. அமெரிக்கா, கனடா, டென்மார்க்கில் 530 டைப் 1 நோயாளிகள், மூன்று ஆண்டுகள், பாதிப் பேருக்கு அலோபியூரினால். வடிகட்டு வேகத்தைச் சூத்திரத்தில் கணக்கிடாமல் அயோஹெக்ஸால் ஊசி போட்டு நேரடியாகவே அளந்தார்கள். மாத்திரை எடுத்தவர்களின் யூரிக் அமிலம் 6.1-லிருந்து 3.9 மில்லிகிராமுக்கு இறங்கியது. மாத்திரை தன் வேலையை ஒழுங்காகச் செய்தது. சிறுநீரகத்தில்? 2020-இல் முடிவு வந்தது: மருந்து எடுத்தவர்களிடம் சராசரி 61.2, மருந்தில்லாத போலி மாத்திரை எடுத்தவர்களிடம் 61.2. தசமப் புள்ளி வரை ஒன்று. போதாக்குறைக்கு, அலோபியூரினால் எடுத்தவர்களிடம் சிறுநீர் அல்புமின் 40 சதவீதம் கூடுதலாக வேறு இருந்தது.

ஃபின்டயேன் குழு 2017-இலேயே மரபணுக்களை வைத்து, பிறவியிலேயே யூரிக் அமிலம் கூடும் அமைப்பு உள்ளவர்களுக்கு டைப் 1-இல் சிறுநீரகம் அதிகமாகக் கெடவில்லை என்று காட்டியிருந்தது. அதாவது யூரிக் அமிலம் நோயைக் கூடவே சுற்றித் திரிகிறது, நோயை உண்டாக்கவில்லை. டைப் 1 நோயாளிக்கு வழக்கமான ‘புரொஃபைல்’ பரிசோதனையில் யூரிக் அமிலம் 6.5 என்று வந்ததும், கவுட் வலியோ கல்லோ இல்லாமலே, கிட்னியைக் காப்பாற்ற என்று அலோபியூரினால் எழுதும் வழக்கம் இன்னும் அங்கங்கே உண்டு. அதற்கு இனி ஆதாரம் இல்லை.

மற்றவற்றை வேகமாகக் கடக்கலாம். சூபார் எனப்படும் அழற்சிப் பொருள் கோபன்ஹேகனின் ஸ்டெனோ மையத்து டைப் 1 நோயாளிகளில் சிறுநீரகச் சரிவோடு இதயக் கோளாறையும் இறப்பையும்கூட முன்னறிவித்தது. எல்லாவற்றையும் முன்னறிவிக்கும் பொருள் சிறுநீரகத்துக்கென்று தனியாக எதைச் சொல்கிறது என்பது என் தயக்கம். பீட்டா-2 மைக்ரோகுளோபுலின் பெரும்பாலும் சிஸ்டாட்டின் சி சொல்வதையே சொல்கிறது. 2021-இல் ஜாஸ்லின் குழு பாதையை மாற்றி, சிறுநீரகத்தைக் காக்கும் புரதங்கள் என்று ஆஞ்சியோபொய்ட்டின்-1 உள்ளிட்ட மூன்றைக் காட்டியது. ஆபத்தைத் தேடுவதைவிடப் பாதுகாப்பைத் தேடுவது எனக்குப் பிடித்த யோசனை. ஆனால் அது இன்னும் ஆய்வகத்தில்தான் இருக்கிறது. ஜிஏடி போன்ற தன்னெதிர்ப்பொருள் பரிசோதனைகளைச் சிலர் இதில் இழுக்கிறார்கள். அவை நோய் டைப் 1-தானா என்று உறுதிசெய்ய உதவும், சிறுநீரகத்தைப் பற்றிப் பேசாது.

முதல் பரிசு ஏன் வீட்டுக்கு வரவில்லை

டிஎன்எஃப் ஏற்பி இவ்வளவு நன்றாகச் சொல்கிறதென்றால் ஏன் எந்த மருத்துவரும் எழுதுவதில்லை? நம் ஊர் லேபில் வழக்கமான பரிசோதனையாகக் கிடைப்பதில்லை, ஒரு கிட்டில் வந்த எண்ணை இன்னொரு கிட்டின் எண்ணோடு ஒப்பிடப் பொதுத் தரம் இல்லை, எந்த எண்ணுக்கு மேல் ஆபத்து என்ற கோடும் இல்லை. இவையெல்லாம் உண்மை. ஆனால் இவை தீர்க்கக் கூடியவை. சிஸ்டாட்டினும் ஒருகாலத்தில் அப்படித்தான் இருந்தது.

பெரிய தடை வேறு. 22 வயதில் ஒருவருக்கு ஏற்பி உயர்ந்திருக்கிறது, அல்புமின் இயல்பு, வடிகட்டு வேகம் இயல்பு என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு என்ன கொடுப்பது? சர்க்கரையை நன்றாக வைத்துக்கொள், உப்பைக் குறை, புகைக்காதே, ரத்த அழுத்தத்தைப் பார் என்று சொல்வோம். அதை ஏற்பி இயல்பாக உள்ளவருக்கும் சொல்வோம். முன்கூட்டியே மருந்து கொடுத்துப் பார்த்தாயிற்று. ராஸ் ஆய்வில் அல்புமின் இயல்பாக இருந்த 285 டைப் 1 நோயாளிகளுக்கு ரத்த அழுத்த மாத்திரைகளான லோசார்ட்டானோ எனலாப்ரிலோ கொடுத்து, 5 ஆண்டு இடைவெளியில் சிறுநீரகத்திலிருந்து திசு எடுத்தே பார்த்தார்கள். கண்ணில் விழித்திரைச் சேதம் மெதுவானது. சிறுநீரகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. பதின்வயதினர் 443 பேரை வைத்து நடந்த ஆடிட் ஆய்விலும், 2017-இல் வந்த முடிவின்படி, அதே வகை மாத்திரையோ கொழுப்பு மாத்திரையோ அல்புமினை எதிர்பார்த்தபடி மாற்றவில்லை. சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றி டைப் 2-இல் புரட்சி செய்த எஸ்ஜிஎல்டி2 மாத்திரைகள் டைப் 1-இல் கீட்டோஅசிடோசிஸ் பயத்தால் தயங்கியே நிற்கின்றன. ஆகவே இன்றைக்கு ஏற்பியின் எண் நோயாளிக்குக் கொடுப்பது தகவல் பாதி, கவலை பாதி.

ஏற்பியும் கிம்-1-உம் உண்மையில் பயன்பட வேண்டிய இடம் மருந்து ஆய்வுகள். வேகமாகச் சரியப்போகிறவர்களைப் பொறுக்கியெடுத்துச் சேர்த்தால், குறைந்த ஆட்களோடு, குறைந்த ஆண்டுகளில் ஒரு மருந்து வேலை செய்கிறதா என்று தெரிந்துவிடும். டைப் 1-இல் இந்த ஆய்வுகளே குறைவாக இருப்பதற்கு ஒரு காரணம், சரிவுக்காகப் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருப்பதுதான். இருந்தும், ஃபைனரினோன் மருந்தை டைப் 1-இல் சோதித்த ஃபைன்-ஒன் ஆய்வு தன் முதன்மை அளவுகோலாக எடுத்துக்கொண்டது சிறுநீர் அல்புமினைத்தான். பழைய அரசன் இன்னும் அரியணையை விடவில்லை.

சரி, நோயாளி என்ன செய்யலாம்? டைப் 1 வந்து 5 ஆண்டுகள் தாண்டியிருந்தால் ஆண்டுதோறும் சிறுநீர் அல்புமினும் கிரியாட்டினினும் போதும். கிரியாட்டினினை ‘நார்மல்’ கட்டத்தோடு ஒப்பிடுவதைவிடப் போன வருடத்து உங்கள் எண்ணோடு ஒப்பிடுங்கள். அதற்காகவே முடிந்தவரை ஒரே லேபில் எடுங்கள். மிக மெலிந்தவர், நல்ல தசை உள்ளவர், கை கால் இழந்தவர், அல்புமின் இயல்பாக இருந்தும் வடிகட்டு வேகம் 45-க்கும் 59-க்கும் இடையே காட்டுபவர் ஆகியோர் ஒரு முறை சிஸ்டாட்டின் சி கேட்கலாம். இன்சுலினின் ஒரு பகுதியைச் சிறுநீரகமே உடைத்து அகற்றுகிறது. அதனால் காரணம் தெரியாமல் தாழ்சர்க்கரை அடிக்கடி வர ஆரம்பித்து, டோஸும் குறைந்துகொண்டே போனால் அப்போதும் கேட்கலாம். வடிகட்டு வேகத்தைப் பொறுத்து அளவை மாற்ற வேண்டிய மருந்தோ, ஸ்கேனுக்கான சாய ஊசியோ போடப்போகிறார்கள் என்றாலும் அப்படித்தான். அதே ரத்தத்தில் டிஎஸ்எச்-உம் பார்த்துவிடச் சொல்லுங்கள். கிரியாட்டினின் யாஃபே முறையிலா நொதி முறையிலா என்பது சில லேபுகளின் ரிப்போர்ட்டில் பரிசோதனைப் பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் இருக்கும். இல்லையென்றால் கேட்டால் சொல்வார்கள்.